கர்ப்பப்பையை எடுக்கும் முன்

"பையை எடுத்துடலாம்மா" என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலான பெண்களுக்கு அடுத்த கேள்வியே வாயில் வருவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள். "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அது?" என்கிறார் மாமியார். "விட்டா கேன்சர் ஆயிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூன்றாம் நாள் மேசையில் படுத்திருப்பார் அந்தப் பெண்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரத்திலும் கல்வராயன் மலை ஊர்களிலும் வாழும் பெண்களுக்காகவும், அவர்களோடு மருத்துவமனைக்கு வரும் கணவர், அக்கா, மகளுக்காகவும் இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. இதை மருத்துவரின் இடத்தில் வைத்துவிடாதீர்கள். அவர் முன் உட்காரும்போது என்ன கேட்பது, அறுவைக்கு உடலையும் வீட்டையும் எப்படித் தயார் செய்வது என்பதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது அவசரம், எப்போது அவகாசம்

முதலில் தெளிவாக வேண்டியது இதுதான். புற்றுநோய் உறுதியானாலோ, பிரசவத்தின்போது நிற்காத இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ தாமதிக்கக் கூடாது. மாதவிலக்கு முழுவதுமாக நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். அது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

மற்றபடி நார்க்கட்டி, அதிக உதிரப்போக்கு, அடி இறக்கம், கர்ப்பப்பை வீக்கம் ஆகியவற்றில் பெரும்பாலானவை சில வாரமோ சில மாதமோ பொறுக்கும். அந்த அவகாசத்தில் இரண்டாவது மருத்துவரைப் பார்க்கலாம், இரத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம், வேறு வழி உண்டா என்று பார்க்கலாம். "நாளைக்கே செய்யாவிட்டால் ஆபத்து" என்று சொன்னால், என்ன ஆபத்து, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கரும்புக்காட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளர்களின் ஊர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவார். மாதவிலக்கு நாட்களின் வலியும் உதிரப்போக்கும் கூலியைப் பறிக்கும் என்ற பயத்தில் இளம்பெண்கள் கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் வெளியானது. அரசு அமைத்த குழு கரும்பு வெட்டும் 82,309 பெண்களிடம் விசாரித்தபோது 13,861 பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் என்று தெரிந்தது. ஆறு பேருக்கு ஒருவர். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இந்திய அளவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இது நூற்றுக்கு மூன்று அளவுதான்.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் நம்முடையது. இங்கும் பெண்கள் கரும்பு வெட்டுகிறார்கள், கட்டுத் தூக்குகிறார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். பீட் பெண்களின் கதை நமக்குத் தொலைவில் இல்லை.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றி கர்ப்பப்பையை எடுத்ததாக எழுந்த புகார், டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. தேவையற்ற அறுவைகளைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரல் 5 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே கேள்வி கேட்கும் பெண் மருத்துவரை அவமதிப்பதில்லை. கேட்கச் சொல்லி நாட்டின் சட்டமே அவள் பக்கம் நிற்கிறது.

இவற்றுக்காக எடுக்க வேண்டியதில்லை

வெள்ளைப்படுதல், இடுப்புவலி, அடிவயிற்றுவலி ஆகியவற்றுக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. வெள்ளைப்படுதல் பெரும்பாலும் கிருமித்தொற்று, மாத்திரையில் தீரும். சில சமயம் அது நோயே இல்லை. இடுப்புவலிக்குக் காரணம் பெரும்பாலும் முதுகுத் தசையிலோ எலும்பிலோ இருக்கும். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அந்த வலி அப்படியே இருந்து, "எதுக்கு எடுத்தோம்" என்று வருந்துகிறவர்கள் உண்டு.

"கர்ப்பப்பை வாயில் புண்" என்று சொன்னால் பயப்படாமல் பரிசோதனை கேளுங்கள். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தாலும், அந்த இடத்தை மட்டும் சுட்டோ வெட்டியோ குணப்படுத்த முடியும்.

ஸ்கேன் தாளில் என்ன எழுதியிருக்கிறது

பல வீடுகளில் பயம் ஸ்கேன் தாளிலிருந்துதான் தொடங்குகிறது. அடிக்கடி வரும் சில சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"பல்கி யூட்டரஸ்" என்றால் கர்ப்பப்பை சற்றுப் பெரிதாக இருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர்களுக்கு இது இயல்பு.

"நபோத்தியன் சிஸ்ட்" என்பது கர்ப்பப்பை வாயில் வரும் சிறு நீர்க்கொப்புளம். இதனால் தீங்கில்லை, சிகிச்சையும் தேவையில்லை.

"ஃபைப்ராய்டு" என்றால் நார்க்கட்டி. பக்கத்தில் செ.மீ. அளவு எழுதியிருக்கும். அது புற்றுநோயாக மாறுவது மிக அரிது. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். 46, 47 வயதில், தொந்தரவு இல்லாத சிறு கட்டியோடு இருக்கும் பெண் காத்திருக்கலாம்.

"அடினோமையோசிஸ்" என்றால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தசைக்குள் ஊடுருவி வளர்ந்திருக்கிறது. மாதவிலக்கில் கடும் வலியும் மிகுந்த போக்கும் தரும்.

"எண்டோமெட்ரியல் திக்னெஸ்" என்பது உள்சவ்வின் கனம். மாதவிலக்கு வருபவர்களுக்கு இது மாதத்தின் நாளுக்கு ஏற்ப மாறும். மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டு, கனமும் 4 மி.மீ.-க்கு மேல் இருந்தால் சதைத்துணுக்குப் பரிசோதனை அவசியம்.

ஸ்கேன் தாளுக்கு வைத்தியம் இல்லை, உங்கள் தொந்தரவுக்குத்தான் வைத்தியம். அதனால் இரண்டு மூன்று மாதம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் அல்லது துணி மாற்றினீர்கள், இரவில் எழுந்து மாற்றினீர்களா, பத்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிய கட்டி விழுந்ததா. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது ஆகியவை சிகிச்சை தேவை என்பதன் அடையாளம். "ரொம்பப் போகுது டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த நோட்டு பத்து மடங்கு பேசும்.

எடுக்காமலே இருக்கும் வழிகள்

அதிக உதிரப்போக்குக்கு முதலில் மாத்திரை. போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமிலம், வலியையும் போக்கையும் குறைக்கும் மெஃபனாமிக் அமிலம், ஹார்மோன் மாத்திரைகள் ஆகியவை வழக்கில் உள்ளன. இரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் இன்னொரு வழி. 'மிரினா' என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காப்பர்-டி போலவே உள்ளே வைத்துவிடுவார்கள். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்யும். முதல் சில மாதம் சிறுகச் சிறுகத் தீட்டுப்படும், பிறகு போக்கு வெகுவாகக் குறையும், சிலருக்கு நின்றேவிடும். அறுவையே வேண்டாம் என்ற நிலைக்குப் பலரைக் கொண்டுவந்தது இந்த வளையம்தான்.

நார்க்கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை விட்டுவைக்கலாம். கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அடி இறக்கத்துக்கு, ஆரம்பத்தில் அடித்தசைப் பயிற்சியும், பிறகு உள்ளே பொருத்தும் ரப்பர் அல்லது சிலிக்கான் வளையமும் உதவும். வயதான, இதய நோயுள்ள பெண்களுக்கு அந்த வளையமே போதும்.

இவற்றைச் செய்து பார்த்தும் பலனில்லை என்றாலோ, கட்டி மிகப் பெரிதாகிச் சிறுநீர்ப்பையை அழுத்தினாலோ, இறக்கம் முற்றி உட்காரவும் நடக்கவும் முடியாமல் போனாலோ, கர்ப்பப்பையை எடுப்பது நல்ல முடிவு. சரியான காரணத்துக்குச் செய்துகொண்ட பெண்கள் வாழ்க்கை திரும்பி வந்ததாகவே சொல்கிறார்கள். அந்த முடிவை யோசித்து எடுங்கள், பயந்து எடுக்க வேண்டாம்.

டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியவை

ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

1. எனக்கு என்ன நோய்? எந்தப் பரிசோதனையில் தெரிந்தது?
2. புற்றுநோய் சந்தேகம் உண்டா? அதற்குச் சதைத்துணுக்குப் பரிசோதனை செய்தாகிவிட்டதா?
3. மாத்திரையோ வளையமோ முயன்று பார்க்கலாமா? ஏன் கூடாது?
4. ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்?
5. வயிற்றைத் திறந்தா, கீழ்வழியாகவா, லேப்ராஸ்கோப்பியா? எனக்கு ஏன் அந்த முறை?
6. சினைப்பையையும் எடுப்பீர்களா? கர்ப்பப்பை வாயை எடுப்பீர்களா?
7. இந்த அறுவையை இங்கே வழக்கமாகச் செய்கிறீர்களா? இரத்த வங்கி, மயக்க மருத்துவர் இருக்கிறார்களா?
8. எத்தனை நாள் தங்க வேண்டும்? எப்போது வேலைக்குப் போகலாம்?

இரண்டாவது கருத்துக்கு நம் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் ஒன்று. சிக்கலான நிலை என்றால் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை எட்டும் தூரத்தில் உள்ளன. கல்வராயன் மலையின் மேற்குப் பக்கத்தில், கருமந்துறை சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஆத்தூரும் சேலமும் பக்கம்.

அறுவையின் வகைகள்

கீழ்வழியாக எடுப்பது: பிறப்புறுப்பு வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள். வயிற்றில் தழும்பே இருக்காது. வலி குறைவு, தேறுவது விரைவு, செலவும் குறைவு. அடி இறக்கத்துக்கு இதுவே முதல் தேர்வு. இறக்கம் இல்லாதவர்களுக்கும், கர்ப்பப்பை மிகப் பெரிதாக இல்லாவிட்டால், பழகிய கை இப்படிச் செய்யும். செய்ய முடிந்த இடத்தில் இதுவே நல்லது என்பதுதான் உலகெங்கும் மகளிர் மருத்துவர்களின் கருத்து. நம் ஊரில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு, கேளுங்கள்.

லேப்ராஸ்கோப்பி: தொப்புளிலும் அடிவயிற்றிலும் மூன்று நான்கு சிறு துளைகள். வயிற்றில் வாயு நிரப்பி, கேமராவில் பார்த்துச் செய்வார்கள். கர்ப்பப்பையைக் கீழ்வழியாக வெளியே எடுப்பார்கள். அந்த வாயுவால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கும், அது இயல்பு. பெரிய கர்ப்பப்பையைத் துண்டு துண்டாக்கி எடுக்கும் கருவி ஒன்று உண்டு. கட்டிக்குள் மறைந்திருக்கும் புற்றுநோயை அது வயிற்றுக்குள் பரப்பக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. "துண்டாக்கி எடுப்பீர்களா? பைக்குள் வைத்துச் செய்வீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். ரோபோ உதவியுடன் செய்வதும் லேப்ராஸ்கோப்பியின் இன்னொரு வடிவம்தான். சாதாரண நோய்களுக்கு அதைத் தேடிக் கடன்பட வேண்டியதில்லை.

வயிற்றைத் திறந்து எடுப்பது: அடிவயிற்றில் குறுக்காகவோ நெடுக்காகவோ கீறி எடுப்பது. மிகப் பெரிய கட்டி, உள்ளே ஒட்டிக்கிடக்கும் குடல், புற்றுநோய்ச் சந்தேகம் ஆகியவற்றுக்கு இதுவே பாதுகாப்பு. நான்கிலிருந்து ஏழு நாள் வரை மருத்துவமனையில் இருக்க வேண்டியிருக்கும்.

முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குச் சிறுநீர்ப்பை கர்ப்பப்பையோடு ஒட்டியிருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு, அப்பெண்டிக்ஸ் என்று எந்த ஆபரேஷன் நடந்திருந்தாலும் சொல்லுங்கள், பழைய சீட்டுகளைக் கொண்டு போங்கள். எந்த முறையிலும் இரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர்ப்பை அல்லது சிறுநீர்க் குழாயில் காயம், காலில் இரத்தக்கட்டு ஆகிய ஆபத்துகள் சிறிய அளவில் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். உங்கள் உயிரைக் காக்கும் முடிவு அது.

சினைப்பையைப் பற்றி ஒரு தனிச் சொல்

கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. ஹார்மோன் சுரப்பது சினைப்பை. அது நன்றாக இருக்கும்போது, குறிப்பாக 45 வயதுக்கு முன், "கூடவே எடுத்துடலாம்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் அன்றே மாதவிடாய் முடிவுக்கு வந்த உடல் ஆகிவிடுவீர்கள். உடம்பு எரியும், தூக்கம் கெடும், எலும்பு தேயும், பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடும். எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஹார்மோன் மருந்து தேவையா என்று கேளுங்கள். கருக்குழாய்களை மட்டும் எடுப்பது வேறு விஷயம். பின்னாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது குறைக்கும்.

உடம்பைத் தேற்றுங்கள்

மாதாமாதம் அதிகம் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்கு இரத்தம் குறைவாகத்தான் இருக்கும். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருப்பது நலம். 10-ஐ எட்டிய பிறகு அறுவைக்குப் போவது பாதுகாப்பு. ஒழுங்காகச் சாப்பிட்டால் இரும்புச்சத்து மாத்திரை ஒரு மாதத்தில் 1 முதல் 2 கிராம் வரை ஏற்றும். மிகக் குறைவாக இருந்தால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள், அல்லது இரத்தமே ஏற்றுவார்கள். அறுவை வரைக்கும் மாதவிலக்கை நிறுத்தி வைக்கவும் மருந்து உண்டு.

மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிடாதீர்கள். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக உடம்பில் ஏறும். மலையில் நெல்லிக்காய்க்குக் குறைவில்லை. அதே மலையில் விளையும் கடுக்காயில் துவர்ப்புச்சத்து மிகுதி. அது இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மலச்சிக்கலுக்குக் கடுக்காய்ப் பொடி எடுக்கும் பழக்கம் இருந்தால் இரும்பு மாத்திரையோடு சேர்க்காமல் நேரம் தள்ளி எடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு, முட்டை, ஈரல் எல்லாம் நல்லவை. நாட்டு மருந்து, வேர் மருந்து எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா இருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சர்க்கரை ஏறியிருந்தால் தையல் ஆறாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தை இப்போதே விடுங்கள். இருமல், சளி இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுவதே நல்லது.

காகிதம், பணம், மலைப்பாதை

அரசு மருத்துவமனையில் அறுவை இலவசம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ வருமானச் சான்று எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அட்டையில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். "அட்டையில் பணம் இருக்கு, எடுத்துக்கலாம்" என்பது அறுவைக்குக் காரணம் ஆகாது.

உண்மையான செலவு கூலி இழப்பு. அவசரமில்லாத அறுவை என்றால் கரும்பு வெட்டும் அறுவடையும் முடிந்த பிறகு தேதி கேளுங்கள். மலையில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலையிலிருந்தும் அதற்கு உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்தும் கிளம்புகிறவர்கள் முந்தைய நாளே கீழே இறங்கிவிட வேண்டும்.

திரும்புவது இன்னும் முக்கியம். உள்தையல் இளகி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் திடீர் இரத்தப்போக்கு வருவது உண்டு. இரவில் மலை உச்சியில் அது நேர்ந்தால் வண்டி கிடைத்துக் கீழே வருவதற்குள் நேரம் போய்விடும். ஆகவே இரண்டு வாரமாவது கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ உறவினர் வீட்டில் தங்கிவிட்டு மேலே ஏறுங்கள். 108 எண்ணையும், மருத்துவ ஆலோசனைக்கான 104 எண்ணையும், உங்கள் ஊர் நர்சம்மாவின் எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கையெழுத்து உங்களுடையது

வயது வந்த, சுயநினைவுள்ள பெண்ணின் உடம்பில் அறுவை செய்ய அவளுடைய ஒப்புதல்தான் வேண்டும். கணவரின் கையெழுத்தை வழக்கமாகக் கேட்பார்கள். அது உங்கள் ஒப்புதலுக்கு ஈடாகாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. நோயறியும் பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியே நின்ற தாயிடம் ஒப்புதல் வாங்கி எடுத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது அது செல்லாது என்பது தீர்ப்பு.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கைநாட்டு வையுங்கள். எதை எடுக்கப் போகிறார்கள் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

முந்தைய நாளும் அன்று காலையும்

இரத்த வகை, சர்க்கரை, சிறுநீரகம், இசிஜி முதலிய பரிசோதனைகளையும் மயக்க மருத்துவரின் பரிசோதனையையும் முடித்திருப்பார்கள். ஆடும் பல், மருந்து ஒவ்வாமை, முன்பு மயக்க மருந்தில் ஏற்பட்ட தொந்தரவு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். இரத்தம் கொடுக்க உறவில் இரண்டு பேர் தயாராக இருக்கட்டும்.

இரவு எளிய சாப்பாடு. அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து பால், டீ உட்பட எதுவும் கூடாது. எதுவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "வெறும் வயிறு தாங்காதே" என்று யாராவது இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரு வாய் கஞ்சி, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய் உயிரையே எடுத்துவிடும். கீழே ரேசர் போட்டு மழிக்காதீர்கள்; சிறு கீறலும் தொற்றுக்கு வழி. தேவைப்பட்டால் அங்கேயே கத்தரிப்பார்கள்.

மூக்குத்தி, மெட்டி, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராமல் தியேட்டர் வாசலில் அழும் பெண்கள் உண்டு. அறுவையில் பயன்படுத்தும் மின்கருவியால், உடம்பில் உலோகம் இருந்தால் தீக்காயம் படலாம். முந்தைய நாளே தாலியை மூத்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கயிற்றை அனுமதிப்பார்களா என்று செவிலியரிடம் கேட்டுக்கொண்டால் மனம் அமைதியாகும்.

பையில் எடுத்துப் போக வேண்டியவை: எல்லாச் சீட்டுகள், காப்பீட்டு அட்டை, முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, பெரிய நாப்கின், தொளதொளவென்ற உள்ளாடை, செருப்பு, போர்வை, வழக்கமான மாத்திரைகள்.

வீடு திரும்பிய பின்

அடுத்த நாளே எழுந்து நடக்க வைப்பார்கள். வலித்தாலும் நடங்கள், காலில் இரத்தம் கட்டாமல் இருக்க அதுதான் வழி. இருமும்போது வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்ளுங்கள். "ரணம் சீழ் பிடிக்கும்" என்று பயந்து முட்டை, மீன், பருப்பை ஒதுக்கும் பத்தியம் வேண்டாம். தையல் ஆறப் புரதம் வேண்டும். தண்ணீரையும் குறைக்காதீர்கள், மலச்சிக்கலும் முக்குவதும் தையலுக்குக் கேடு.

ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, விறகு சுமக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது. கரும்பு வெட்டு, களையெடுப்பு போன்ற கடும் வேலைக்கு மூன்று மாதம் பொறுங்கள். கணவர்மாருக்கு ஒரு சொல்: தண்ணீர், விறகு, மாடு, சமையல் எல்லாவற்றையும் யார் செய்வது என்று அறுவைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். "மெதுவா செய்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அவள் மூன்றாம் வாரம் குடத்தைத் தூக்கிவிடுவாள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனையும் இரத்தப்போக்கு, நாற்றமடிக்கும் நீர், குளிர்க்காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத வாந்தி, சிறுநீர் வராமை, சிறுநீர் தானாக ஒழுகிக்கொண்டே இருத்தல்.

எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த முடிவுத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருந்தால் புற்றுநோய்ப் பரிசோதனை இனியும் தொடர வேண்டும். இனி மாதவிலக்கு வராது, பிள்ளை பெற முடியாது. பெண்மை குறையாது, ஆறிய பிறகு தாம்பத்தியத்துக்குத் தடையில்லை.

உங்களுக்கு அறுவை சொல்லியிருந்தால் நாளைக் காலை மூன்று வேலைகளைச் செய்யுங்கள்: நோட்டில் தேதியைக் குறியுங்கள், ஹீமோகுளோபின் பாருங்கள், இன்னொரு மகளிர் மருத்துவரைச் சந்திக்க நாள் குறியுங்கள். பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் சரி, வேண்டும் என்று முடிவெடுத்தாலும் சரி, அது தெரிந்து எடுத்த உங்கள் முடிவாக இருக்கட்டும்.